குடிக்காமல் திரும்பிய தண்ணீர்

ஆசிரியையாகப் பணியாற்றிய ஆண்டுகளில் நான் செய்த தவறுகள் பல. அவற்றுள் ஒன்றை, நல்லது செய்வதாக நம்பிக்கொண்டே செய்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு குழந்தை சேர்ந்தாள். சான்றிதழில் ஆண் என்று இருந்தாலும், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாகவே வீட்டிலும் உறவினர் நடுவிலும் பெண்ணாக வாழ்ந்துவந்தவள். பெற்றோர் முன்கூட்டியே வந்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்கள். புதிய பெயரில் அழைக்க ஒப்புக்கொண்டோம். சீருடையிலும் சிக்கல் எழவில்லை. கழிப்பறை என்ற சொல் வந்தபோதுதான் தலைமையாசிரியர் அறையில் இருந்த எல்லாரும் மேசையைப் பார்க்கத் தொடங்கினோம். அந்த மௌனத்தை உடைத்தவள் நான். ஆசிரியர்களுக்கான கழிப்பறையை அவள் பயன்படுத்தட்டும், அதன் சாவி ஒன்றை அவளிடமே கொடுத்துவிடலாம் என்றேன். அறையில் இருந்த அத்தனை பேரின் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. எவருக்கும் இல்லாத சலுகையை ஒரு குழந்தைக்குப் பெற்றுக்கொடுத்துவிட்டேன் என்ற பெருமிதத்தோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

நான்கு மாதம் கழித்து அவளுடைய அம்மா என்னைப் பார்க்க வந்தார். குறை சொல்ல வந்தவராகத் தெரியவில்லை; ஏதோ விளங்காத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவர்போல் இருந்தார். "காலையில நிரப்பிக் கொடுக்கிற தண்ணி சாயங்காலம் அப்படியே திரும்பி வருது டீச்சர். கேட்டா தாகமே எடுக்கலைங்கறா" என்றார். சிறுநீர்த் தொற்றுக்காக அந்தப் பருவத்திலேயே இரண்டாவது முறையாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

மறுநாள் இடைவேளையில் நானே நடந்து பார்த்தேன். அவளுடைய வகுப்பு இரண்டாம் மாடியில் ஒரு கோடியில் இருந்தது. ஆசிரியர் கழிப்பறை தரைத்தளத்தின் மறுகோடியில், அலுவலகத்தை ஒட்டி இருந்தது. இடைவேளை 10 நிமிடம். படியில் மேலும் கீழும் முட்டி மோதும் பிள்ளைகளுக்கு நடுவே போய்ச் சேரவே 3 நிமிடத்துக்கு மேல் ஆனது. அங்கே இரண்டு ஆசிரியைகள் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மாணவி நின்றால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவர் அன்பாக, "நீ முதல்ல போ கண்ணு" என்பார். விவரம் தெரியாத இன்னொருவர், "பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை?" என்பார். அன்பான பேச்சும் அதட்டலும் அவளை ஒரே அளவுக்குக் காட்டிக்கொடுப்பவைதாம். வகுப்புக்குத் தாமதமாகத் திரும்பினால் எங்கே போயிருந்தாய் என்ற கேள்வி வரும். தோழிகள் எல்லாரும் சேர்ந்து பெண்கள் கழிப்பறைக்குப் போகும்போது, அவள் மட்டும் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். அவள் யார் என்பதை எவரிடமும் சொல்வதில்லை என்று நாங்கள் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். அந்தச் சாவியோ ஒரு நாளைக்கு மூன்று முறை அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. இதற்கெல்லாம் அவள் கண்ட வழி எளிமையானது. தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

சொற்களைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்துக்கும் தாம் உணரும் பாலினத்துக்கும் பொருத்தம் இல்லாதவர்களைத் திருநர் என்ற பொதுச்சொல்லால் குறிக்கிறேன். அவர்களுள் பெண்ணாக உணர்பவரைத் திருநங்கை என்றும் ஆணாக உணர்பவரைத் திருநம்பி என்றும் சொல்கிறோம். இந்த இரண்டிலும் அடங்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பள்ளிக் கழிப்பறைப் பேச்சில் பெரும்பாலும் திருநங்கைச் சிறுமியரே மையமாகிவிடுவதால், மற்ற இரு சாராரும் படும் பாடு வெளியே தெரிவதில்லை.

குழந்தையின் உடலைப் பற்றி நாங்கள் யாரும் அன்று யோசிக்கவில்லை. குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதைக் கணக்கிட மருத்துவர்கள் ஓர் எளிய வாய்பாடு வைத்திருக்கிறார்கள்: வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை மில்லிலிட்டர் என்பது கிடைக்கும். 10 வயதுக் குழந்தைக்கு 360 மில்லிலிட்டர். போதிய அளவு தண்ணீர் குடிக்கும் குழந்தை பகல் பொழுதில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போகத்தான் வேண்டும். அடக்கி அடக்கிப் பழகும்போது சிறுநீர்ப்பைத் தசை மிகையாக விரிந்து, போகும்போதும் முழுவதுமாகக் காலியாவதில்லை; தேங்கி நிற்பதில் கிருமி பெருகித் தொற்று உண்டாகிறது. மலத்தையும் சேர்த்து அடக்கினால் மலச்சிக்கல் வந்து, நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தி, நிலைமையை இன்னும் கெடுக்கிறது. சில குழந்தைகளுக்கு இது துணி நனைவதில் போய் முடியும். அடக்குவதைத் தவிர்ப்பதற்காகத் தண்ணீரைக் குறைத்தாலோ தலைவலியும் சோர்வும் வரும், பாடத்தில் கவனம் நிற்காது. கணக்கு வகுப்பில் அவள் ஜன்னல் வழியே வெறித்துக்கொண்டிருப்பதாக எங்கள் ஆசிரியர் ஒருவர் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். பகல் முழுதும் தண்ணீர் குடிக்காத குழந்தை வேறு எப்படி இருப்பாள்?

இது அவள் ஒருத்தியின் கதை அன்று. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டு 27,715 திருநர்கள் பங்கேற்ற பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், அதற்கு முந்தைய ஓராண்டில் சிக்கலுக்கு அஞ்சிப் பொதுக் கழிப்பறையைத் தவிர்த்ததாக 59 விழுக்காட்டினர் தெரிவித்தனர். கழிப்பறைக்குப் போக நேரக்கூடாது என்பதற்காகவே உணவையோ தண்ணீரையோ குறைத்துக்கொண்டவர்கள் 32 விழுக்காட்டினர். தவிர்த்ததன் விளைவாகச் சிறுநீர்த் தொற்றோ சிறுநீரகக் கோளாறோ வந்தவர்கள் 8 விழுக்காட்டினர். அவர்கள் அனைவரும் 18 வயதைக் கடந்தவர்கள். வேண்டுமானால் வேறு இடம் தேடிப் போகக்கூடியவர்கள். மணி அடிக்கும்வரை வெளியேற முடியாத, ஆசிரியரின் அனுமதியில்லாமல் எழுந்திருக்கவும் முடியாத குழந்தைக்கு அந்த வழிகூட இல்லை.

தனியறைச் சலுகை என்னுடைய கண்டுபிடிப்பு என்று நான் நினைத்திருந்தேன். பிறகு படிக்கப் படிக்க, உலகின் பல பள்ளிகளும் இதே இடத்தில் போய் நின்றிருப்பது தெரிந்தது. அமெரிக்க நீதிமன்றங்களில் இதற்கு ஒரு வழக்குத் தொடரே இருக்கிறது. அந்தத் தீர்ப்புகளில் சட்டப் பிரிவுகளைக் காட்டிலும் பள்ளிக்கூட நடைமுறையின் சிறு சிறு விவரங்களே என்னை அதிகம் உலுக்கின.

விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் படித்த ஆஷ் விட்டேக்கர் என்ற திருநம்பி மாணவருக்குப் பள்ளி இரண்டு தனிக் கழிப்பறைகளை ஒதுக்கியது. இரண்டுமே அவர் வகுப்புகளிலிருந்து வளாகத்தின் மறுபக்கம் இருந்தன. பூட்டியிருந்த அவற்றின் சாவி மாணவர்களில் அவர் ஒருவரிடம் மட்டுமே தரப்பட்டது. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். விட்டேக்கருக்கு எளிதில் மயக்கம் வரும் உடல்நிலை இருந்தது; அதற்கு மருத்துவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்ததால் மயக்கமும் தலைச்சுற்றலும் கடுமையாயின. 2017 மே 30 அன்று ஏழாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தனியறை கொடுத்தோமே என்ற வாதம் எடுபடவில்லை. அந்தத் தனியறையே அவரைப் பிரித்துக் காட்டும் அடையாளமாகிவிட்டதை நீதிபதிகள் கண்டார்கள்.

வர்ஜீனியாவின் குளுஸ்டர் மாவட்டத்தில் நடந்தது இன்னும் பரவலாக அறியப்பட்டது. கேவின் கிரிம் என்ற மாணவர் 2014-இல் பள்ளி முதல்வரின் அனுமதியோடு ஆண்கள் கழிப்பறையைச் சுமார் ஏழு வாரம் பயன்படுத்தினார். பள்ளிக்குள் எந்தச் சச்சரவும் நேரவில்லை. வெளியே சில பெரியவர்களுக்குச் செய்தி எட்டிய பிறகே பிரச்சினை பிறந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பள்ளி வாரியம் 6-க்கு 1 என்ற வாக்கில் அவருடைய அனுமதியைப் பறித்தது. புதிதாகத் தனிக் கழிப்பறைகள் கட்டப்பட்டன, செவிலியர் அறையும் திறந்துவிடப்பட்டது. ஆனாலும் அவருக்கும் சிறுநீர்த் தொற்று வந்தது. ஒருமுறை பள்ளியில் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போன இடத்தில், மாலையில் கட்டடம் பூட்டியிருந்ததால், ஒரு கடையின் கழிப்பறைக்குப் போவதற்கு நண்பர் ஒருவர் அவரைக் காரில் அழைத்துச்செல்ல வேண்டியதாயிற்று. பள்ளி தொடங்கி முடியும்வரைதான் பிள்ளைக்கு உடல் இருக்கிறது என்று எண்ணி ஏற்பாடு செய்பவர்கள் நாம். விளையாட்டு நாளும் ஆண்டு விழாவும் சுற்றுலாவும் நம் திட்டத்தில் இருப்பதில்லை.

கிரிம் வழக்கில் நான் கவனித்த வேறொன்று காலக்கணக்கு. வாரியம் முடிவெடுத்தபோது அவருக்கு வயது 15. 2015-இல் வழக்குத் தொடுத்தார். 2016-இல் மேல்முறையீட்டில் அவருக்குச் சாதகமான தீர்ப்பு வந்து, உச்ச நீதிமன்றம்வரை போனது. அதற்குள் ஆட்சி மாறியது. திருநர் மாணவர்களைத் தத்தம் பாலின அடையாளத்தின்படி நடத்த வேண்டும் என்று 2016 மே மாதம் கல்வித் துறையும் நீதித் துறையும் அனுப்பியிருந்த வழிகாட்டுக் கடிதத்தை, 2017 பிப்ரவரியில் புதிய அரசு திரும்பப் பெற்றது. வழக்கும் கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. அந்த ஆண்டே அவர் படிப்பை முடித்து வெளியேறினார். 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டில் மறுபடி வென்றார். 2021 ஜூன் 28 அன்று வாரியத்தின் மனுவை உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தபோது அவருக்கு வயது 22. வழக்குச் செலவாக 13 லட்சம் டாலர் கொடுக்க வாரியம் ஒப்புக்கொண்டது. எல்லாம் சரிதான். 15 வயதில் மதிய இடைவேளையில் எங்கே போவது என்று கேட்ட பிள்ளைக்கு, பள்ளியை விட்டு நான்கு ஆண்டுகள் கழித்துப் பதில் வந்திருக்கிறது.

மேய்ன் மாநிலத்தில் நிக்கோல் மேய்ன்ஸ் என்ற சிறுமிக்கு நடந்தது வேறு விதம். ஐந்தாம் வகுப்பில் பெண்கள் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொண்டு, தோழிகளோடு இயல்பாக இருந்தாள். தாத்தாவின் தூண்டுதலால் ஒரு பையன் அவளைப் பின்தொடர்ந்து உள்ளே நுழைந்து, தனக்கும் அந்த உரிமை உண்டு என்றான். பள்ளி என்ன செய்தது? அத்துமீறி நுழைந்தவன் அவன்; ஆனால் அந்தக் கழிப்பறையை இழந்தவள் அவள். ஆசிரியர் கழிப்பறைக்கு அனுப்பப்பட்டாள், அவளைக் கண்காணிக்கப் பெரியவர் ஒருவர் உடன் அமர்த்தப்பட்டார், கடைசியில் குடும்பமே வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தது. 2014 ஜனவரியில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 5-க்கு 1 என்ற பெரும்பான்மையில் பள்ளி செய்தது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. வம்பு செய்பவனைத் திருத்துவதைவிட வம்புக்கு ஆளானவளை இடம் மாற்றுவது எளிது என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் நன்கு அறிவோம். வகுப்பில் இருக்கை மாற்றும்போதுகூட அதைத்தான் செய்கிறோம்.

எல்லாத் தீர்ப்புகளும் ஒரே திசையில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபுளோரிடாவில் ட்ரூ ஆடம்ஸ் என்ற திருநம்பி மாணவர் தொடுத்த வழக்கில், பதினோராவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022 டிசம்பர் 30 அன்று 7-க்கு 4 என்ற பெரும்பான்மையில் பள்ளியின் பக்கம் நின்றது. மாணவர்களின் உடல்சார் அந்தரங்கத்தைக் காப்பது பள்ளியின் முறையான நோக்கம், பிறப்பின்படியான பாலினத்தைக் கொண்டு கழிப்பறைகளைப் பிரிப்பது அந்த நோக்கத்தோடு பொருந்துகிறது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. அந்த வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனாலும் அதே வழக்கின் ஒரு விவரம் மனத்தை விட்டு அகலவில்லை. ஆடம்ஸ் ஆறு வாரம் ஆண்கள் கழிப்பறையைப் பயன்படுத்தியபோது, உள்ளே இருந்த மாணவர்களிடமிருந்து புகார் ஏதும் வரவில்லை. அவர் அங்கே நுழைவதைப் பார்த்த இரண்டு மாணவிகள் சொல்லித்தான் பள்ளி அவரைத் தடுத்தது.

இந்தியாவில் சட்டம் எழுத்தளவில் குழந்தைகளுக்கு ஆதரவாகவே இருந்துவந்திருக்கிறது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் (சுருக்கமாக நால்சா) தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை திருநர்களுக்கு உண்டு என்று ஏற்றது. அவர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறைகள் அமைக்கவும் அரசுகளைப் பணித்தது. திருநர்களின் உரிமைப் பாதுகாப்புக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. இவற்றைவிடப் பள்ளிக்கு நெருக்கமாக வந்தது, 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணை. பாலின வரையறைக்குள் அடங்காத மாணவர்களுக்காக அனைவருக்கும் பொதுவான கழிப்பறை கல்வி நிறுவனங்களில் இருக்க வேண்டும், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் பெற்றோருக்கு விளக்கம் அளிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வழிகாட்டியிருந்தார். அதே ஆண்டு நவம்பரில், திருநர் குழந்தைகளைப் பள்ளிக் கல்வியில் இணைப்பது குறித்துத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு ஆசிரியர்களுக்காக வெளியிட்ட கையேடு, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாள்களிலேயே அதன் இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. பாலின வேறுபாடின்றி அனைவருக்கும் பொதுவான கழிப்பறையைப் பற்றிய யோசனை எதிர்ப்புக்கு ஆளானவற்றுள் ஒன்று. ஆக, ஆணை இருக்கிறது. அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று ஆசிரியருக்குச் சொல்லும் ஏடு எங்கள் கையில் இருக்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் தலைமையாசிரியர் அறையில் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெற்றோரின் அச்சத்துக்கு வருகிறேன். அன்று ஒரு தாய் என்னிடம், "என் பொண்ணு வயசுக்கு வர்ற நேரம் டீச்சர், அவளுக்குக் கூச்சமா இருக்காதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் வெறுப்பு இல்லை. கூச்சம் உண்மையானது, அதற்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூச்சம் யாருக்கு இருக்கிறதோ அவருக்குக் கூடுதல் மறைவு கிடைக்கும்படி செய்வது ஒன்று. கூச்சத்தைக் காரணம் காட்டி வேறொரு குழந்தையை வெளியேற்றுவது முற்றிலும் வேறு. தனியறை யாருக்கு வேண்டுமானாலும் திறந்திருக்கட்டும், விரும்புகிறவர் போகட்டும். ஒரே ஒரு குழந்தையின் மேல் அதைக் கட்டாயமாக்கும்போதுதான் சலுகை தண்டனையாகிறது. தனியறையையே விரும்பிக் கேட்கும் திருநர் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். அவர்களுக்கு அது வரம்தான்.

பாதுகாப்பு பற்றிய அச்சத்துக்குத் தரவுகளைக் கொண்டு பதில் சொல்ல முடியும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், திருநர்களுக்குப் பொதுக் கழிப்பறை உரிமை தரும் உள்ளூர்ச் சட்டங்கள் இருந்த ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, அந்தச் சட்டங்களால் கழிப்பறைக் குற்றங்கள் கூடியதாகக் காணவில்லை. மாறாக, ஆபத்து எதிர்ப்புறத்தில் இருப்பதைப் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் 2019-இல் வந்த ஆய்வு காட்டுகிறது. அமெரிக்கப் பதின்ம வயதுத் திருநர் மாணவர்கள் 3,673 பேரிடம் கேட்டதில், கழிப்பறை, உடைமாற்றும் அறை ஆகியவற்றில் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட திருநங்கை மாணவியர் பாலியல் தாக்குதலுக்கு உள்ளான விகிதம், அவ்வாறு கட்டுப்படுத்தப்படாதவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கட்டுப்பாட்டால்தான் தாக்குதல் நிகழ்ந்தது என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதே அது சொல்வது. ஆனால் பெண்ணாக வாழும் ஒரு சிறுமியைத் தினமும் ஆண்கள் கழிப்பறைக்குள் அனுப்புவதில் என்ன ஆபத்து என்பதை விளக்க ஆய்வு தேவையா?

திருநம்பிச் சிறுவர்களின் பாடு இன்னும் பேசப்படாதது. மாதவிடாய் தொடங்கிவிட்ட ஒரு சிறுவன் ஆண்கள் கழிப்பறைக்குள் போனால், அங்கே அணையாடையைப் போடக் குப்பைக்கூடை இருக்காது. கதவுள்ள அறை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதிலும் ஒன்று பழுதாகிக் கிடக்கும். உறையைப் பிரிக்கும் ஓசை வெளியே கேட்குமோ என்று அஞ்சி, யாராவது தண்ணீரைத் திறந்துவிடும்வரை காத்திருப்பதாக, இன்று வளர்ந்துவிட்ட ஒருவர் என்னிடம் சொன்னார். பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போவாராம். ஆண்கள் கழிப்பறையின் கதவுள்ள ஒவ்வோர் அறையிலும் மூடியுள்ள ஒரு சிறு கூடையை வைக்க எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்பவரிடம் குப்பை போடுவதற்கு என்று சொன்னால் போதும்.

கட்டடத்தைப் பற்றிப் பேசாமல் இந்த வாதம் முடியாது. பாதி உயரத்துக்கு நிற்கும் தடுப்பு, கீழே கால் தெரியும் கதவு, இடுக்கு வழியே எட்டிப் பார்க்கக்கூடிய பலகை இவற்றையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டுதான் அந்தரங்கம் போய்விடும் என்று வாதாடுகிறோம். அந்தரங்கம் அங்கே முன்பும் இல்லை. இங்கிலாந்தின் 2012-ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டட விதிமுறை, 8 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறைகள் வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு விலக்கும் அளிக்கிறது: ஒரு நேரத்தில் ஒரு மாணவர் பயன்படுத்துவதற்கான, உட்புறமாகத் தாழிடக்கூடிய அறையாக இருந்தால் பிரிக்க வேண்டியதில்லை. தரையிலிருந்து கூரைவரை சுவர், முழுக் கதவு, நல்ல தாழ்ப்பாள், கைகழுவும் தொட்டிகள் மட்டும் பொதுவில். இப்படிக் கட்டினால் யார் எந்தக் கதவுக்குள் போகிறார்கள் என்ற கேள்வியே எழாது. கைகழுவும் இடம் பெரியவர்கள் கண்ணில் படும்படி இருப்பதால் கேலியும் அடிதடியும் குறைய வழியுண்டு. செலவு கூடும் என்பது உண்மை. பழைய கட்டடங்களில் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்றிவிட முடியாது. ஆகவே கட்டடம் மாறும்வரை குழந்தை எங்கே போவது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. புதிதாகக் கட்டித் தருகிறோம் என்பதும் சில சமயம் மேசையைப் பார்ப்பதன் வேறு வடிவம்தான்.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அவளுடைய அம்மா வந்துபோன பிறகு நாங்கள் மறுபடி கூடினோம். இந்த முறை அவளையும் அழைத்தோம். முதல் கூட்டத்தில் அவளைத் தவிர எல்லாரும் இருந்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பெண்கள் கழிப்பறையை மற்ற மாணவியரைப் போல அவளும் பயன்படுத்தலாம் என்று முடிவாயிற்று. அந்தத் தளத்திலேயே பூட்டிக் கிடந்த ஒற்றை அறை ஒன்றைச் சுத்தம் செய்து, காரணம் கேட்காமல் எந்தப் பிள்ளைக்கும் திறந்துவிட்டோம். வயிற்றுக் கோளாறு உள்ள ஒரு பையனும், மாதவிடாய் நாள்களில் சில மாணவிகளும், சத்தம் பிடிக்காத ஒரு சிறுவனும் அதற்குப் போய்வரத் தொடங்கினார்கள். எதிர்பார்த்த கலவரம் எதுவும் நடக்கவில்லை. இரண்டு பெற்றோர் வந்து கேட்டார்கள். தலைமையாசிரியர் பொறுமையாகப் பேசி அனுப்பினார். அவர்களில் ஒருவர் மனம் மாறாமலே போனார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டத்தின் முடிவில், வேறு ஏதாவது வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். உரிமை, அடையாளம், பாதுகாப்பு என்று அரைமணி நேரம் பேசி முடித்திருந்தோம். அவள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, சற்றுத் தயங்கி, "அங்க மூணாவது கதவுல தாழ்ப்பாள் விழ மாட்டேங்குதாம் டீச்சர். இவளுங்க எல்லாரும் ஒருத்திக்கு ஒருத்தி கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களாம்" என்றாள். பல ஆண்டுகளாக அது அப்படித்தான் இருந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை தச்சர் வந்தார். மூன்றாவது கதவோடு மற்ற கதவுகளின் தாழ்ப்பாள்களையும் மாற்றச் சொல்லி, ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.